சிமுலேட்டர் கழகத்தை மென்பொருள் நடத்துவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் பொழுதுபோக்கு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். யோக், ரட்டர் பெடல், கிராபிக்ஸ் கார்டு என்று கருவிகளைப் பற்றிய பகுதி தெளிவாக இருந்தது. இணையப் பறத்தல் கழகங்களுக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. அதிலும், உறுப்பினராகப் பதிந்துகொண்டால் போதும், மற்றதையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் ஒரு வரி. அந்த நம்பிக்கையில் கழகம் தொடங்குபவர்கள் சில மாதங்களிலேயே களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இத்தகைய கழகத்தைச் சம்பளமில்லாமல் நடத்திவருபவர்கள் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிமுலேட்டர், நெட்வொர்க், கழகம் மூன்றும் வேறுவேறு. சிமுலேட்டர் என்பது அவரவர் கணினியில் ஓடுவது: மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், காசில்லாமல் கிடைக்கும் ஃபிளைட்கியர் போன்றவை. நெட்வொர்க் என்பது உலகெங்கும் இருந்து பறப்பவர்களையும் ரேடார் திரை முன் உட்கார்ந்து விமானங்களுக்கு வழிசொல்லும் கன்ட்ரோலர்களையும் ஒரே வானத்தில் சேர்ப்பது. 1998இல் தொடங்கிய ஐவாவோ, 2001இல் தொடங்கிய வாட்சிம் ஆகிய இரண்டும் இதில் பெரியவை. இரண்டும் தன்னார்வலர்களால் நடப்பவை, கட்டணம் கிடையாது. கழகம் என்பது இவற்றின் மேல் உட்காரும் மூன்றாவது அடுக்கு: கால அட்டவணை, பறந்த மணிக்கணக்கு, பதவிப் படிகள், பயிற்சி, வாராந்தரக் கூட்டுப் பறப்பு. இந்த வேறுபாடு தெரியாததால், கன்ட்ரோலர் கடிந்துகொண்டார் என்ற புகார் கழகத்துக்கு வரும். கழகத் தளத்தில் மணிக்கணக்கு ஏறவில்லை என்ற புகார் நெட்வொர்க்குக்குப் போகும். எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று வரவேற்புப் பக்கத்தின் தலையிலேயே எழுதிவைத்தால் பாதிக் கேள்விகள் குறையும். மீதிப் பாதி அந்தப் பக்கத்தைப் படிக்காதவர்களிடமிருந்து வரும், அதற்கு மருந்தில்லை.

புது உறுப்பினர் ஒருவரை முதல் பறப்பு வரை கொண்டுசேர்ப்பதுதான் கழகத்தின் முதல் வேலை. நெட்வொர்க்கில் தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டும். வாட்சிமில் சேர 13 வயது நிறைந்திருக்க வேண்டும். புதிய பைலட்டுகள் அடிப்படைத் தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும். நெட்வொர்க் தரும் கணக்கு எண்ணைக் கழகத் தளத்தில் பதியும்போது ஓர் இலக்கம் பிசகினால், அவர் பறப்பார், தளம் அவரை அடையாளம் காணாது. பதிவை ஏற்கும் முன் எண்ணை நெட்வொர்க்கின் உறுப்பினர் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தினால் பிறகு ஒரு வாரம் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கும்.

முதல் பறப்பில் வரும் தவறுகள் எப்போதும் இவைதான். ஓடுபாதையின் மேலேயே நெட்வொர்க்கில் இணைவது: சிமுலேட்டர் வழக்கமாக அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும், ஆனால் அந்த நேரத்தில் இறுதி அணுகலில் வேறொருவர் இறங்கிக்கொண்டிருப்பார். விமானங்களை நிறுத்திவைக்கும் இடமான ஸ்டாண்டில் நின்றுகொண்டுதான் இணைய வேண்டும். அடுத்தது, விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரைச் செயல்படாத ஸ்டாண்ட்பை நிலையிலேயே விட்டுவிட்டு மேலேறுவது. கன்ட்ரோலர் திரையில் உயரம் தெரியாது. மூன்றாவது, கன்ட்ரோலர் இல்லாத இடத்தில் எதுவுமே பேசாமல் பறப்பது. அங்கே பொதுவாக 122.800 அலைவரிசையில் நம் நோக்கத்தைச் சொல்லியபடி போக வேண்டும். நான்காவது, விமானத்தைத் தானியங்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது. கவனிப்பாரில்லாமல் 30 நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது என்பது வாட்சிம் விதி. நீண்ட தூரப் பறப்பில் தூங்கிப்போனவரைத் தொடர்புகொள்ள முடியாமல் கண்காணிப்பாளர் துண்டித்துவிடுவார். புதியவருக்குப் பரபரப்பான பெரிய விமான நிலையத்தைக் கொடுக்கவே கூடாது. ஒரு டவர் கன்ட்ரோலர் மட்டும் இருக்கும் சிறிய நிலையத்தில் நான்கைந்து சுற்று ஏறி இறங்கவிட்டால், பயம் தெளிந்துவிடும்.

இனி கட்டுரையாளர் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்த இடத்துக்கு வருவோம். பறப்பு அறிக்கையைப் பதிய ஒரு சிறு நிரல் சிமுலேட்டரோடு சேர்ந்து ஓடும். ஸ்டாண்டைவிட்டு நகர்ந்த நேரம், மேலெழுந்த நேரம், எரிபொருள், தரைதொட்ட வேகம் எல்லாவற்றையும் எடுத்துத் தளத்துக்கு அனுப்பும். பிஎச்பிவிஎம்எஸ் என்ற திறந்தமூல மென்பொருளைப் பல கழகங்கள் தளத்துக்குப் பயன்படுத்துகின்றன. அறிக்கையைத் தானாக ஏற்கவோ, ஒரு மனிதரின் பார்வைக்கு நிறுத்திவைக்கவோ அதில் வசதி உண்டு. எதை நிறுத்துவது என்ற வரம்பை மனிதர்கள்தான் வைக்க வேண்டும், நிறுத்தப்பட்டதை மனிதர்கள்தான் படிக்க வேண்டும்.

படிப்பவர் என்ன பார்ப்பார்? 1,000 கடல் மைல் தூரத்தை 50 நிமிடத்தில் கடந்ததாக அறிக்கை வந்தால், சராசரி வேகம் 1,200 நாட், அதாவது மணிக்கு 1,200 கடல் மைல். பயணிகள் ஜெட் ஒன்று தரைவேகத்தில் ஏறக்குறைய 450 நாட் போகும். எனவே சிமுலேட்டரின் நேரத்தை யாரோ வேகப்படுத்தியிருக்கிறார், அல்லது வரைபடத்தில் விமானத்தைத் தூக்கி வேறிடத்தில் வைத்திருக்கிறார். இது எளிது. நடுவழியில் எரிபொருள் கூடியதாக வரும் அறிக்கை அவ்வளவு எளிதல்ல. ஏமாற்றாகவும் இருக்கலாம், சில கூடுதல் விமான மாதிரிகள் பழைய நிலையை மீண்டும் ஏற்றும்போது டாங்கியைத் தாமே நிரப்பிக்கொள்வதாகவும் இருக்கலாம். அதே விமானத்தில் பறந்த வேறு உறுப்பினர்களின் அறிக்கையிலும் அதே இடத்தில் அதே துள்ளல் இருந்தால், குற்றம் ஆளுடையதல்ல. நிராகரிக்கும் முன் இப்படி இரண்டு மூன்று அறிக்கைகளைத் திறந்து பார்ப்பவரே நல்ல பரிசோதகர். காரணம் எழுதாமல் நிராகரிப்பவரால் கழகம் உறுப்பினர்களை இழக்கும்.

தரைதொடும் வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தரைதொடும் கணத்தில் விமானம் நிமிடத்துக்கு இத்தனை அடி கீழிறங்கியது என்று வரும் அந்த எண்ணை வைத்து மென்மையான இறக்கத்துக்குத் தரவரிசைப் பட்டியல் போடும் கழகங்கள் ஏராளம். எங்கள் கருத்தில் அதைத் தூக்கிவிட வேண்டும். பெரிய விமானங்களின் இறங்குசக்கரம், அதிகபட்ச இறக்க எடையில் விநாடிக்கு 10 அடி, அதாவது நிமிடத்துக்கு 600 அடி வேகத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. 200 அடியும் 250 அடியும் எந்த வகையிலும் குறையான இறக்கமல்ல. பட்டியலில் முதலிடம் பிடிக்க நினைப்பவர் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையின் மேல் மிதந்தபடியே போவார். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் தொட்டதாகப் பெருமை கிடைக்கும். ஓடுபாதையில் பாதி தீர்ந்திருக்கும். தொடவேண்டிய பகுதி முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் இருக்கிறது. போதாததற்கு அந்த எண்ணும் நம்பத்தக்கதல்ல. ஓடுபாதை மேடுபள்ளமாக வரையப்பட்டிருந்தால், தொடும் கணத்தில் கணினி திணறினால், விமானம் ஒருமுறை எகிறி மறுபடி தொட்டால், ஒவ்வொரு நிரலும் வெவ்வேறு எண்ணைச் சொல்லும். எண்ணை உறுப்பினருக்கு மட்டும் காட்டலாம். 600ஐத் தாண்டினால் ஒரு பயிற்றுநர் பேசிப் பார்க்கலாம். அதற்கு மேல் அதற்கு மரியாதை வேண்டியதில்லை.

வழித்தடங்களைப் புதுப்பிப்பது யாரும் விரும்பாத வேலை. வான்வழிகளும் வழிப்புள்ளிகளும் அடங்கிய விமானப் போக்குவரத்துத் தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். ஆண்டுக்கு 13 சுற்று. பறப்புத் திட்டம் போட எல்லாரும் பயன்படுத்தும் சிம்பிரீஃப்பில் சந்தா இல்லாதவர்களுக்குப் பழைய சுற்றுத் தரவுதான் கிடைக்கும். விமான மாதிரிக்குள் இருப்பது இன்னொரு சுற்றாக இருக்கலாம், கன்ட்ரோலரிடம் இருப்பது நடப்புச் சுற்று. அதனால் கழகம் கொடுத்த வழியில் உள்ள ஒரு புள்ளியைச் சிலருடைய விமானக் கணினி ஏற்காது. நூறு வழித்தடங்களையும் மாதாமாதம் திருத்துவது நடவாத காரியம். அட்டவணையில் புறப்படும் இடம், சேரும் இடம், நேரம் மட்டும் வைத்துவிட்டு, வழியைப் பறப்பவரே அன்றைக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவதே புத்திசாலித்தனம். கூட்டுப் பறப்புக்கு மட்டும் வழியைக் கையால் சரிபார்த்தால் போதும். நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் மட்டுமே எழுத வேண்டும். கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் கடிகாரம் மாறும் வாரத்தில், உள்ளூர் நேரத்தில் அறிவித்த நிகழ்வுக்குப் பாதிப் பேர் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்துநிற்பார்கள்.

கூட்டுப் பறப்புதான் கழகத்தின் கல்யாண வீடு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், பந்தி பரிமாறியவர்களுக்குத்தான் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பே வேலை ஆரம்பிக்கும். தூரம் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் வேலைநாளில் ஆள் சேராது. இரண்டு முனைகளிலும் கன்ட்ரோலர்கள் இருந்தால்தான் சுவை. அந்தப் பகுதியின் கன்ட்ரோலர் குழுவுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும்: எத்தனை விமானம், எந்த நேரம், எந்த வகை. அவர்களும் தன்னார்வலர்கள்தான். தரைக் கட்டுப்பாட்டுக்கு ஒரு தகுதி, டவருக்கு ஒரு தகுதி, அணுகலுக்கு ஒரு தகுதி என்று படிப்படியாகத் தேர்வெழுதி வந்தவர்கள். கேட்காமல் முப்பது விமானத்தைக் கொண்டுபோய் ஒரே கன்ட்ரோலர் தலையில் இறக்கினால், அடுத்த முறை அந்தப் பக்கம் கதவு திறக்காது.

முப்பது விமானம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று மேலெழுந்தால் முதல் விமானத்துக்கும் கடைசி விமானத்துக்கும் இடையே 58 நிமிடம். எல்லாரும் ஒரே நேரத்தில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓடுபாதைக்குப் போகும் டாக்ஸிவேயில் வரிசையில் நின்றால் கடைசி ஆள் ஒரு மணி நேரம் எரிபொருளை எரித்துக்கொண்டே நிற்பார். ஆகவே ஸ்டாண்டையும் எஞ்சின் கிளப்பும் நேரத்தையும் முன்பே பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இறக்கை அகலம் பார்த்துத்தான் ஸ்டாண்ட் கொடுக்கலாம். குறுகிய இடத்தில் பெரிய விமானத்தை நிறுத்தினால் பக்கத்து விமானத்தின் இறக்கையும் இதுவும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். ஜெட்டைவிட மெதுவாகப் பறக்கும் டர்போப்ராப் விமானங்களை முதலில் அனுப்ப வேண்டும். பின்னால் அனுப்பினால் அவை ஜெட்டுகள் இறங்கிக் கலைந்த பிறகு வெறும் நிலையத்துக்கு வந்துசேரும்.

இறங்கும் பக்கம் இன்னும் இறுக்கம். 140 நாட் வேகத்தில் 5 கடல் மைல் இடைவெளியில் விமானங்கள் வந்தால், இரண்டுக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். மணிக்கு 28தான் இறங்க முடியும். ஓடுபாதையைவிட்டு வெளியேறத் தாமதிப்பவர் ஒருவர் இருந்தாலும் பின்னால் வருபவர் மீண்டும் மேலேறிச் சுற்ற வேண்டும். அதனால் வட்டமிட்டுக் காத்திருக்க 45 நிமிடத்துக்காவது கூடுதல் எரிபொருள் எடுக்கச் சொல்ல வேண்டும். சொன்னாலும் சிலர் எடுக்கமாட்டார்கள். எரிபொருள் தீர்ந்ததாக அலைவரிசையில் அறிவிக்கும் அந்த ஒரு குரலால் கன்ட்ரோலரின் வரிசையே கலையும்.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு நெருக்கமான உதாரணம். காற்றழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல் என்று கன்ட்ரோலர் சொல்கிறார். பயண உயரத்தில் 1013இல் வைத்திருந்த, உயரம் காட்டும் கருவியான ஆல்டிமீட்டரை ஒருவர் இறங்கும்போது மாற்ற மறந்துவிடுகிறார். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 முதல் 30 அடி வித்தியாசம். ஆக, அவர் கருவி 3,000 அடி காட்டும்போது உண்மையில் 2,700 அடியை ஒட்டி இருப்பார். அவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், கன்ட்ரோலர் திரையில் மட்டும் 300 அடி குறைவு. இருவரும் தத்தம் திரையைக் காட்டி வாதாடுவார்கள். நேரடி வானிலையை அணைத்துவிட்டுத் தெளிந்த வானத்தை வைத்துக்கொள்பவராலும் இதே கதைதான். அவருக்குக் காற்று இல்லை, அழுத்தம் எப்போதும் 1013. மற்றவர்கள் எதிர்க்காற்றில் ஒரு திசையில் இறங்கும்போது அவருக்கு மட்டும் அந்த ஓடுபாதை ஏன் என்று புரியாது. எல்லாரும் ஒரே வானிலை மூலத்தை வைத்துக்கொள்வது நிகழ்வு அறிவிப்பின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

நிலையத்தின் காட்சிக்கோப்பும் அப்படியே. ஒருவரிடம் புதிதாக வரைந்த நிலையம், இன்னொருவரிடம் சிமுலேட்டரோடு வந்த பழைய நிலையம். புதிய டாக்ஸிவேயில் வருபவர் மற்றவருக்குப் புல்வெளியில் ஊர்ந்துவருவதாகத் தெரிவார். இலவசக் கோப்பு இருந்தால் அதன் இணைப்பை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடலாம். விலைக்கு விற்கும் கோப்பை யாராவது பகிர்ந்தால் உடனே நீக்க வேண்டும். திருட்டு நகல் விஷயத்தில் கழகம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

பேச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. கழக உறுப்பினர்கள் டிஸ்கார்டு என்ற குழுப் பேச்சுச் செயலியில் அரட்டை அடித்தபடி பறப்பார்கள், கன்ட்ரோலரோடு பேச நெட்வொர்க்கின் நிரல் தனியாக ஓடும். இரண்டுக்கும் பேசும் பொத்தானாக ஒரே விசையை வைத்துவிட்டால், நண்பனிடம் சொன்ன கிண்டல் அலைவரிசை முழுவதும் கேட்கும். விசை அமுங்கிச் சிக்கிக்கொண்டால் அதைவிட மோசம்: அந்த அலைவரிசையில் வேறு யாரும் தெளிவாகப் பேச முடியாது. புறப்படும் முன் விளக்கக் கூட்டத்தில் இரண்டு விசைகளையும் ஒவ்வொருவரும் சோதித்துக்காட்டச் சொல்வது பள்ளிக்கூடத்தனமாகத் தோன்றலாம், ஆனால் பலன் உண்டு.

சிறிய விமானங்களில் அணிவகுத்துப் பறக்கும் கழகங்களுக்கு வேறு தலைவலி. 100 நாட் வேகத்தில் விமானம் விநாடிக்கு 51 மீட்டர் நகரும். இணையத்தில் அரை விநாடி தாமதம் இருந்தாலே 25 மீட்டர் பிசகு. தலைவர் திரையில் நீங்கள் எட்ட நிற்பீர்கள், உங்கள் திரையில் அவர் மூக்கருகே இருப்பார். வாட்சிமில் முன்பு நிலைத்தகவல் 5 விநாடிக்கு ஒருமுறைதான் போய்வந்தது; இப்போது வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் இறக்கையோடு இறக்கை உரசும் படங்களைக் காட்டி உறுப்பினர் சேர்ப்பவர்களை நம்ப வேண்டாம்.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரிபவை. கழகங்கள் மூடப்படுவது பெரும்பாலும் தெரியாத இடத்தில்தான். தளத்தின் இணைய முகவரியான டொமைன் ஒருவர் பெயரில், சர்வர் கணக்கு அவருடைய கார்டில், டிஸ்கார்டு உரிமையும் அவரிடமே. அவருக்கு வேலை மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, பதில் வருவது நின்றுவிடுகிறது. டொமைன் காலாவதியாகி நீக்கப்பட்டால் .com போன்ற பொதுவகை முகவரிகளை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் மீட்கும் உரிமையும் பதிந்தவருக்கே. டிஸ்கார்டு சர்வருக்கு ஒரே ஒரு உரிமையாளர்தான் இருக்க முடியும். எனவே தொடங்கும்போதே கழகப் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல் திறந்து, எல்லாக் கணக்குகளையும் அதில் பதிந்து, கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பின் மீட்புக் குறிகளும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கச் செய்ய வேண்டும். தரவுத்தளத்தின் நகலைத் தினமும் வேறொரு இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதே சர்வரில் வைக்கும் நகல் சர்வரோடு சேர்ந்தே போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து தளத்தை வேறொரு கணினியில் எழுப்பிப் பார்ப்பது அவசியம். கோப்பு தினமும் வந்துகொண்டே இருக்கும், திறந்தால் உள்ளே காலியாக இருக்கும். இது அடிக்கடி நடப்பது.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்கொடை வாங்கலாம், வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாம். காசு கொடுத்தவருக்குப் பதவி கொடுக்கக் கூடாது. உண்மையான விமான நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள், வணிகக் குறி உரிமை அந்த நிறுவனத்துடையது என்பதையும் ஒரு கடிதம் வந்தால் பெயரையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

உறுப்பினர்களில் பள்ளி மாணவர்கள் நிறைய. பயிற்றுநரும் மாணவரும் தனி அறையில், தனிச்செய்தியில் பேசுவதை அனுமதிக்காமல், பொது வாய்ஸ் அறையிலேயே பயிற்சி நடத்த வேண்டும். ஒருவரை நீக்குவது என்றால் இரண்டு நிர்வாகிகள் சேர்ந்து, காரணத்தை எழுதிவைத்துச் செய்ய வேண்டும். மாதம் ஒரு பறப்பாவது செய்யாவிட்டால் வெளியேற்றுவோம் என்ற விதியைக் கழகங்கள் ஏன் இவ்வளவு விரும்புகின்றன என்பது எங்களுக்குப் புரியவில்லை. தேர்வுக் காலத்தில் காணாமல்போகும் மாணவர் விடுமுறையில் திரும்பி வருவார். கணக்கை முடக்கிவைத்தால் போதும், மணிக்கணக்கை அழிக்க வேண்டியதில்லை. சம்பளமில்லா வேலைக்கு ஆள் கிடைப்பதும் இப்படித் திரும்பி வருபவர்களிடமிருந்துதான்.

தங்கள் கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், சேர விரும்பும் வாசகர்களுக்கு மூன்று கேள்விகளைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். சென்ற மாதம் எத்தனை கூட்டுப் பறப்பு நடந்தது? நிறுத்திவைக்கப்பட்ட அறிக்கைக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது? நிர்வாகியில் ஒருவர் மூன்று மாதம் இல்லாவிட்டால் சர்வர் சாவி வேறு யாரிடம் இருக்கிறது? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லத் தெரியாத கழகத்தில் பறக்கலாம், ஆனால் தங்கள் பறப்புப் பதிவேட்டின் நகலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இணையப் பறத்தல் கழகம் ஒன்றின் தன்னார்வ நிர்வாகிகள்